இறங்கிய இடது தோள்

பெட்டியைப் பிரித்ததும் அந்த வாசனை வந்தது. புது பிளாஸ்டிக், பெயின்ட், தெர்மாகோல் மூன்றும் கலந்த வாசனை. மரக்காணத்தில் என் கூரியர் கடைக்குள் எந்த வாசனையும் தனியாக நிற்காது. உப்புக் காற்று வந்து எல்லாவற்றின் மேலும் உட்கார்ந்துகொள்ளும். அதையும் மீறி இது மூக்கில் ஏறியது. யாருடைய குழந்தைக்கோ வந்த ரோபோ பொம்மை. கை கால் உடையாமல் வந்திருக்கிறதா என்று கடையிலேயே பிரித்துப் பார்த்தார்கள். அவர்கள் பொம்மையைப் பார்த்தார்கள். எனக்கு அவர் ஞாபகம் வந்தது. ஞாபகம் வந்த வேகத்திலேயே எரிச்சலும் வந்தது.

அவரை நினைத்தால் முதலில் எரிச்சல்தான் வரும். பிரியம் பின்னால் மெதுவாக, நொண்டிக்கொண்டு வரும்.

"ரெண்டையும் பக்கத்துல வை."

இந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு அவர் ஊரையே இம்சை செய்தார். லோடு ஆட்டோ ஓட்டினார். பார்சல் மூட்டைகளை என் கடைக்குக் கொண்டுவருவது அவர்தான். இறக்கி வைத்துவிட்டுப் போகவேண்டியதுதானே? போகமாட்டார். ஒரே மாதிரி இரண்டு பெட்டி கண்ணில் பட்டால் போதும், பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பார். "இது கொஞ்சம் நசுங்கியிருக்குது தம்பி." நசுங்கியிருக்காது. நசுங்கியிருந்தாலும் அது யாருக்கும் தெரியாத நசுங்கலாக இருக்கும்.

டீக்கடையில் இரண்டு கிளாஸை ஒட்டி வைத்து நுரையை நீக்கி மட்டம் பார்ப்பார். எக்கியார்குப்பத்திலிருந்து மீன் கூடையோடு வரும் அக்காவிடம் இரண்டு சங்கராவை எடுத்துப் பலகைமேல் ஜோடியாகப் படுக்கவைத்துச் செவுளைத் திறப்பார். அந்த அக்கா ஒருநாள் பொறுக்க முடியாமல் கத்தினாள்:

"நீ இன்னா மீன் வாங்க வந்தியா, பொண்ணு பாக்க வந்தியா? வாங்குனா வாங்கு, இல்லாங்காட்டி போய்க்கினே இரு!"

ஒரு வீட்டில் இரட்டைக் குழந்தைகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் ஒன்று, சித்தப்பன் மடியில் ஒன்று. அவர் மொய் எழுதிவிட்டுச் சாப்பிடப் போயிருக்கலாம். போய்க் குனிந்து இரண்டு முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "இவனுக்கு எடது காது ஒரு நூல் கீழ இருக்குது." பெற்றவள் அழ ஆரம்பித்துவிட்டாள். தாய்மாமன் குழந்தையைக் கீழே விட்டுவிட்டு வேட்டியை மடித்துக் கட்டினார். நான்தான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன்.

"எதுக்குண்ணா இந்த வேலை?"

"இருக்குறத சொன்னேன்."

"சொல்லாம இருந்தா இன்னா?"

"சொல்லலன்னா சமமாயிடுமா?"

இப்படிப் பேசுகிறவரோடு எப்படிச் சண்டை போடுவது? என் கல்யாணத்துக்கு முந்தைய போட்டோ ஒன்றும் இப்போதையது ஒன்றும் கடைச் சுவரில் இருந்தன. ஒருநாள் இரண்டையும் கழற்றி மேஜைமேல் வைத்தார். "இதுல நீ சிரிக்கற. அதுல பல்லக் காட்டற." அவ்வளவுதான். எழுந்து போய்விட்டார். அன்றைக்கு முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை.

இந்தக் கண் அவருக்குப் பிறவியில் வந்ததில்லை. சினிமாவில் வந்தது.

ஆட்டோவுக்கு முன்னால் அவர் உப்பளத்தில் பலகை இழுத்தவர். பாத்தியில் விளைந்த உப்பை நீளமான மரப்பலகையால் வரப்புக்கு இழுத்துச் சேர்க்கும் வேலை. விடியலில் தொடங்கி வெயில் தலைக்கு வருமுன் முடிப்பார்கள். ஆண்டுக்கணக்கில் இழுத்த உடம்பு ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும். அவருக்கு இடது தோள் இறங்கியிருந்தது, காற்று ஒரே திசையில் தள்ளிய பனைபோல. அந்தச் சமயத்தில் ஒரு பெரிய படத்துக்காக உப்பளத்தில் ஷூட்டிங் நடந்தது. கதாநாயகன் எல்லாவற்றையும் இழந்துவிட்டு வெறுங்காலோடு, வெற்று முதுகோடு, பலகையை இழுத்துக்கொண்டு பாத்திக்குள் நடந்து போகவேண்டும். நடிகருக்கு உப்புத் தண்ணீர் ஆகவில்லை, காலெல்லாம் சிவந்துவிட்டது. அதே உயரம், அதே நிறம் என்று இவரை இறக்கினார்கள். முகம் தெரியாது. முதுகு மட்டும்.

திண்டிவனம் தியேட்டரில் அந்த இடம் வரும்போது விசில் பறக்கும். அவரும் உட்கார்ந்து பார்த்தார். நம் முதுகை நாம் பார்க்காமலே ஒரு ஆயுள் முடிந்துபோகிறது. அவர் பார்த்தார், ஒரு சுவர் அளவுக்கு. ஒளியில் நனைந்து, நடந்து, சிறுத்து, வெள்ளைக்குள் மறைகிற முதுகு. அதற்குப் பிறகு அவரால் எதையும் ஒற்றையாகப் பார்க்க முடியவில்லை என்று நினைக்கிறேன். எதற்கும் ஒரு ஜோடி இருக்கிறது, எங்கோ வேறு யாரோ பேரில் அது ஓடிக்கொண்டிருக்கிறது என்று அவருக்குத் தெரிந்துபோயிற்று.

படத்தின் கடைசியில் ஓடுகிற பெயர்களில் அவர் பெயர் இல்லை. ஊர் கொஞ்சநாள் கிண்டல் பண்ணியது, கொஞ்சநாள் நம்பவில்லை, பிறகு மறந்துவிட்டது. அவர் உப்பளத்தை விட்டு ஆட்டோவுக்கு வந்தார்.

என் கடைக்கு மூன்றாவது கடையில் பல் டாக்டரம்மா கிளினிக் போட்டார். புதுச்சேரிப் பெண். அவருக்கு வெளிநாட்டிலிருந்து பெட்டி பெட்டியாக வரும். பல் மெஷின் என்று நினைத்திருந்தேன். பொம்மை! ஒரு அடி உயரச் சினிமா பொம்மைகள். முழங்கை மடங்கும், விரல் தனித்தனியாகக் கழலும், சட்டையில் நிஜத் தையல் இருக்கும். முகத்தில் வியர்வைத் துளிகூட வண்ணத்தில் வைத்திருப்பார்கள். நான் வாய்விட்டு 'பொம்மை' என்றபோது டாக்டரம்மா முகம் சுளித்தார். "ஃபிகர்ண்ணா. பொம்மை இல்ல." ஒரே கதாபாத்திரத்தை இரண்டு கம்பெனி செய்திருந்தால் இரண்டையும் வாங்கி, எது படத்துக்கு நெருக்கம் என்று ஒப்பிட்டு வீடியோ போடுவார். பல்லுக்குப் பின்னால் விட்டுப் பார்க்கிற குட்டிக் கண்ணாடியை ஃபிகரின் கக்கத்துக்குள் விட்டுத் தையலைப் பார்ப்பார். நெற்றியில் பூதக்கண்ணாடி வேறு.

ஆட்டோ அண்ணன் மூட்டையை இறக்கிப் போட்டுவிட்டு அப்படியே நின்றுவிட்டார். ஊரே விரட்டுகிற ஒரு கெட்ட பழக்கத்தை ஒரு டாக்டர் வெளிச்சம் போட்டுச் செய்கிறார் என்றால் சும்மாவா?

அன்றிலிருந்து என் மேஜை போர்க்களமாயிற்று. டாக்டரம்மா செல்போனில் படத்தை நிறுத்தி வைப்பார். இருவரும் பொத்தான், கொக்கி, செருப்பு வார் என்று ஒவ்வொன்றாக அடித்துக்கொள்வார்கள். நடுவில் வாடிக்கையாளர் வந்து நிற்பார். "சார், என் பார்சல்…" என்பார். யார் கவனிப்பது?

பிறகு அந்த உப்பளப் படத்தின் நாயகனுக்கே ஃபிகர் வந்தது. எங்கோ ஒரு சின்னப் பட்டறை, படத்தை மட்டும் நிறுத்தி நிறுத்திப் பார்த்துக் கையால் வடித்தது. டாக்டரம்மா என் மேஜையில் வைத்துப் பிரித்து, உடையவில்லை என்று பார்த்துவிட்டு, "பேஷண்ட் வெயிட் பண்றாங்க, அப்புறமா வந்து எடுத்துக்கறேண்ணா" என்று ஓடினார். ஃபிகர் எனக்கு முதுகு காட்டி நின்றது. அந்த நேரம் பார்த்து அண்ணி, அவர் மனைவி, தூக்குச்சட்டியில் சோறு கொண்டுவந்தார். பார்த்தார். சட்டியை வைத்தார்.

"ஐய, இவர எதுக்கு சட்டையில்லாம பொட்டியில நிக்க வெச்சிருக்கீங்க?"

நான் சிரித்துவிட்டேன். பிறகு பார்த்தேன். இடது தோள் இறங்கியிருந்தது. பலகை பிடித்த கையும் கழுத்துச் சாய்வும் குதிகாலில் ஊன்றி நிற்கிற நிலையும் அவரேதான். முன்பக்கம் திருப்பினால் நடிகர் முகம். பின்பக்கம் இவர். பட்டறைக்காரனுக்குத் தெரியாது. கண்ணுக்குத் தெரிந்ததைச் செய்திருந்தான்.

சோறு தின்ன வந்த அவரும் பார்த்தார். தொடவில்லை. கையைப் பேன்ட்டில் துடைத்துத் துடைத்து நின்றார்.

"டாக்டரம்மாகிட்ட சொல்லிடலாம்ண்ணா" என்றேன்.

"சொல்லாத. அந்தப் பொண்ணு கண்ணுதான் கண்ணு. அதுவே கண்டுபுடிக்கும்."

இங்கேதான் எனக்கு ஆத்திரம். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். காத்திருந்தார். ஒவ்வொரு நாளும் மூட்டை இறக்கிவிட்டு, டாக்டரம்மாவுக்கு முதுகு தெரிகிற மாதிரி திரும்பி நின்று சீட்டில் கையெழுத்துப் போடுவார். மனிதர் ஒரு முதுகை வைத்துக்கொண்டு இதற்கு மேல் என்ன செய்வார்! டாக்டரம்மா பொத்தானைப் பார்த்தார், சாயத்தைப் பார்த்தார், பலகையின் மர ரேகையைப் பார்த்தார். பலகையின் பிடி நிஜத்தைவிடச் சின்னது என்று அண்ணன் வாதாடினார். டாக்டரம்மா படத்தை நிறுத்திக் காட்டினார்: ஷூட்டிங்குக்கென்று செய்த பலகை, பிடி சின்னதுதான். அவர் உடனே ஒத்துக்கொண்டார். "சரி. படத்துல இருக்குறதுதான் கணக்கு. நெஜத்துல எப்படி இருந்தா இன்னா?" அந்த நேர்மையை அன்றே உடைத்திருக்க வேண்டும்.

கொஞ்ச மாதத்தில் இரண்டாவது ஃபிகர் வந்தது. இது முறையாக அனுமதி வாங்கிய பெரிய கம்பெனி. நடிகரையே நிற்கவைத்து உடம்பை மெஷினில் அளந்து செய்தது. டாக்டரம்மாவின் ஒப்பீட்டு வீடியோவை அவர் என் கடையில்தான் பார்த்தார். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில், அவர் ஆசைப்படுகிற மாதிரியே. டாக்டரம்மாவின் விரல் முதல் ஃபிகரின் முதுகில் ஓடியது.

"இங்க பாருங்க, பழசுல லெஃப்ட் ஷோல்டர் கீழ எறங்கியிருக்கு. இழுக்குற ஷாட்ல அப்படித் தெரிஞ்சாலும் மத்த சீன்ல ஹீரோ தோள் நேராத்தான் இருக்கு, இது ஸ்கல்ப்டிங் மிஸ்டேக். புதுசுல கரெக்ட் பண்ணிட்டாங்க. அக்யூரசில புதுசுதான் பெஸ்ட்."

செல்போனைக் கவிழ்த்து வைத்தார்.

"மிஸ்டேக்காம், தம்பி."

"இப்பவாச்சும் சொல்லுங்கண்ணா!"

சொன்னார். கிளினிக்கில், பல் வலியோடு உட்கார்ந்திருந்தவர்கள் நடுவில் நின்று சொன்னார்: அது தப்பு இல்லம்மா, நான். டாக்டரம்மா நல்ல பெண். சிரிக்கவில்லை. "அப்ப டெஸ்ட் பண்ணிடலாம்ண்ணா. அதே இடம், அதே ஆங்கிள். மேட்ச் ஆச்சுன்னா வீடியோவ மாத்தி போடறேன். உங்க பேரோட."

உங்க பேரோட. அந்த இரண்டு வார்த்தை அவரை ஒரு வாரம் தூங்கவிடவில்லை என்று அண்ணி சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நாலு பேரும் உப்பளத்துக்குப் போனோம். பாத்திகளில் வானம் துண்டு துண்டாகக் கிடந்தது. டாக்டரம்மா வரப்பின்மேல் இரண்டு ஃபிகரையும் முதுகு காட்டி நிறுத்தினார். செல்போனை ஸ்டாண்டில் வைத்தார். அவர் சட்டையைக் கழற்றி அண்ணியிடம் கொடுத்துவிட்டு, பலகையை இழுத்துக்கொண்டு நடந்தார். அதே நடை. விசில் அடித்துவிட்டேன்.

எடுத்த படத்தையும் சினிமாப் படத்தையும் டாக்டரம்மா செல்போனில் ஒன்றாக வைத்தார். பெரிதாக்கினார். நானும் எட்டிப் பார்த்தேன்.

தோள் இறங்கியிருக்கவில்லை.

இத்தனை வருஷம் ஆட்டோ சீட். உட்கார்ந்து உட்கார்ந்து முதுகில் சதை மூடியிருந்தது. இடது கையால் கிளச் பிடித்து கியர் திருப்பித் திருப்பி அந்தத் தோள் மேலே ஏறிவிட்டிருந்தது. வரப்பில் நின்ற இரண்டு முதுகில் எதுவும் இவருடையது இல்லை. பழையது இறங்கியிருந்தது, புதியது நேராக இருந்தது, இவர் ஏறியிருந்தார்.

"வயசாச்சுல்லண்ணா, உடம்பு மாறும்" என்றார் டாக்டரம்மா. "நான் வேணா 'இவரா இருக்கலாம்'னு வீடியோல சொல்றேன்."

"இருக்கலாம்னா?"

"வாய்ப்பு இருக்குன்னு…"

அவர் போனை வாங்கி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். இரட்டைக் குழந்தைகளைப் பார்த்த அதே பார்வை. சங்கராவைப் பார்த்த அதே பார்வை. தனக்கென்று ஒரு நூல் தளர்த்தவில்லை, பாவி மனிதர்.

"வேணாம்மா. ஒத்துப் போவல."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "அன்னைக்கு அண்ணி பாத்தவுடனே சொன்னாங்களே! அதுக்கு மேல இன்னாண்ணா சாட்சி?"

"அவ சொல்றது பாசம் தம்பி. பாசத்துல அளவு தப்பும்."

அண்ணி சட்டையை அவர்மேல் வீசி எறிந்தார். "எந்த முதுகுக்கு நான் தைலம் தேச்சேன்னு எனக்குத் தெரியாதா? அந்த செல்போனு சொன்னாத்தான் தெரியுமா உனக்கு?" வரப்போடு விறுவிறுவென்று நடந்து போய்விட்டார்.

இத்தோடு விட்டிருந்தால் அவர் சாதாரண மனிதர். அடுத்த சீசன் தொடங்கியதும் ஆட்டோவை வாடகைக்கு விட்டுவிட்டு உப்பளத்தில் பலகை இழுக்கப் போய்விட்டார்! ஐம்பதை நெருங்கும் வயதில். சர்க்கரை வேறு உண்டு, காலில் புண் வந்தால் ஆறாது. அண்ணி என் கடைக்கு வந்து மேஜையில் தலையை வைத்துக்கொண்டார். "ஒரு தோளுக்காக ரெண்டு காலையும் குடுத்துடப் போறாரு. நீங்க சொன்னா கேப்பாரு."

சொன்னேன். கேட்கவில்லை. சொல்லவேண்டிய இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. டாக்டரம்மா கிளினிக்கைப் புதுச்சேரிக்கே மாற்றிக்கொண்டு கிளம்பினார். போகும்போது பழைய ஃபிகரை விற்றுவிட்டார். துல்லியமானது ஒன்று கையில் இருக்கும்போது தப்பானது எதற்கு? அண்ணனே 'வேணாம்மா' என்று சொல்லிவிட்டாரே. அதைக் குமிழித்தாளில் சுற்றி, டேப் ஒட்டி, பெட்டி கட்டி அனுப்பியது நான். கடைசியாக மூடும்போது மேலாகத் தெரிந்தது அந்த இடது தோள். பெட்டியை எங்காவது ஒளித்துவைத்துவிடலாமா என்றுகூடத் தோன்றியது. முகவரி எங்கோ வடக்கே. அனுப்பிவிட்டேன்.

பாத்திக்குப் போய் அவரிடம் சொன்னேன். பலகையை நிறுத்தவில்லை.

"போனா போவுது. படத்துல இருக்குதுல்ல."

"டாக்டரம்மாவும் இல்ல, பொம்மையும் இல்ல. அப்புறம் யாருக்குக் காட்டறதுக்கு இந்தப் பாடு?"

"காட்டறதுக்கு இல்ல தம்பி. ஒத்துப் போவணும்ல."

எதனோடு? யாரோடு? வெள்ளை வெயிலில் நின்று கத்தினேன். காலுக்குக் கீழே உப்பு நொறுங்கியது. அவர் இழுத்துக்கொண்டே போனார். கறுத்திருந்தார். வயிறு உள்ளே போயிருந்தது. குதிகாலில் துணி சுற்றியிருந்தது. அந்தத் துணியைப் பார்த்துவிட்டு வேறெதையும் பார்க்காமல் திரும்பினேன்.

சித்திரை முடியும்போது பருவம் தப்பிய மழை. இரண்டு நாளில் பாத்தியெல்லாம் கரைந்து குளமாயிற்று. சரி, மழையாவது நல்லபுத்தி சொன்னதே என்று அண்ணி மாரியம்மன் கோவிலில் விளக்கு வைத்தார். மறுநாள் அவர் பையோடு பஸ் ஸ்டாண்டில் நின்றார். தூத்துக்குடிப் பக்கம் மழை இல்லையாம், அங்கே இன்னும் பல மாதம் உப்பு வாருவார்களாம், ஆள் கேட்டிருக்கிறார்களாம்.

அண்ணி என்னைப் பார்த்தார். அழுகை எல்லாம் தீர்ந்துபோன முகம்.

"வேலைக்காக ஊர் விட்டு ஊர் போறவங்க உண்டு. முதுகுக்காகப் போற மனுசன எங்கனா பாத்திருக்கீங்களா?"

"போயிட்டு வந்துடறேன்" என்றார் அவர்.

"வராட்டி போ."

சொல்லிவிட்டு அவர் சட்டைக் காலரை இழுத்துச் சரிசெய்தார் அண்ணி. மாத்திரை டப்பா பையில் இருக்கிறதா என்று திறந்து பார்த்தார். மூடினார். மறுபடியும் திறந்து பார்த்தார்.

புதுச்சேரி பஸ் வந்தது. கண்டக்டர் படியில் நின்று தட்டினார். "ஏறு ஏறு, ஏம்பா, ஏறிக்கினே பேசு!" அவர் ஒரு காலைப் படியில் வைத்தார். பிறகு காலை எடுத்தார். தோளில் தொங்கிய பையைக் கழற்றி அண்ணி கையில் கொடுத்தார். பை தொங்கினால் தோள் தானாக இறங்கும், கணக்கு தப்பும். எனக்கு முதுகைக் காட்டி நின்றார். கைகளைத் தளரவிட்டார். சட்டை கடற்காற்றில் ஒட்டி, உள்ளே இருக்கும் எலும்பு முழுக்கத் தெரிந்தது.

பஸ் உறுமியது. நான் பார்த்தேன். பக்கத்தில் வைத்துப் பார்க்க என் கையில் எதுவும் இல்லை. பெட்டி கட்டும்போது கடைசியாகப் பார்த்த அந்தத் தோள் மட்டும் கண்ணுக்குள் நின்றது; அதுவும் இதுவும் ஒன்றாகிக் கலங்கின. வாயைத் திறந்தேன். அவர் திரும்பாமலே கையை உயர்த்தி என்னை நிறுத்தினார்.

"நல்லா பாத்து சொல்லு தம்பி. பாசத்துல சொல்லாத."